வலது குமிழ்

பச்சைக் கோடு நகர்வதே இல்லை. நான் பார்க்கும்போது நகர்வதில்லை, அடுப்படிக்குப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஒரு நூல் நகர்ந்திருக்கிறது, பால் பொங்குவதும் இப்படித்தான், பார்த்துக்கொண்டே நின்றால் பொங்காது, கொஞ்சம் திரும்பினால் அடுப்பெல்லாம் வழிந்துவிடும் என்று என் மனைவி உலகம்மாள் சொல்வாள், அவள் இப்போது கையில் சந்தனக் கிண்ணத்தோடு வீடு முழுக்க நடந்துகொண்டிருக்கிறாள், ஃபிரிட்ஜுக்குப் பொட்டு, மிக்ஸிக்குப் பொட்டு, கிரைண்டருக்கு மட்டும் மூன்று பொட்டு, ஏனென்றால் அது கல்யாணத்துக்கு அவள் அப்பா கொடுத்தது, தண்ணீர் மோட்டாருக்கு வைக்க மாடிப்படிக்குக் கீழே குனிந்திருக்கிறாள், ஆயுத பூஜை என்றால் வீட்டில் ஒரு திருப்புளிகூடப் பொட்டில்லாமல் இருக்கக் கூடாது அவளுக்கு. சாயங்காலம் விளக்கேற்றுவதற்குள் இந்தக் கோடு மறுமுனைக்குப் போய், டிவியில் கேம் முழுசாக இறங்கியாக வேண்டும். விளக்கேற்றிவிட்டால் தொலைந்தது, இந்தக் கேம் பெட்டியும் இதன் கண்ட்ரோலரும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் சுத்தியலுக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் நடுவே போய் உட்கார்ந்துவிடும், அப்புறம் நாளைக் காலையில் மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக் கூடாது, நாளைக்கு அவள் அண்ணன் வீட்டு ஆட்கள் வருகிறார்கள், நாளன்றைக்கு டெஸ்ட். துறைமுகத்தில் என்னை ஒரு பொய்க் கிரேனில், அதாவது சிமுலேட்டரில், உட்கார வைத்துப் பார்ப்பார்கள், கை சரியாக இருந்தால் மறுபடி நிஜக் கிரேனில் ஏறலாம், இல்லாவிட்டால் கீழே ஏதாவது ஒரு நாற்காலி, கேட்டில் வருகிற லாரிக்குச் சீட்டுப் பார்க்கிற வேலை. பதற்றமாக இருக்க வேண்டும் எனக்கு. இல்லை. கட்டைவிரல் மாதிரியே உள்ளுக்குள்ளும் ஏதோ மரத்துக் கிடக்கிறது, இந்த நாலைந்து மாதத்தில் எதுவும் என்னைச் சுருக்கென்று குத்தவில்லை, தாய்மாமா செத்ததற்குப் போனேன், பந்தலில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு வந்தேன், அவ்வளவுதான்.

இதை வாங்கியதே கிறுக்குத்தனம். போனது உலகுக்கு ஒரு இண்டக்ஷன் அடுப்பு பார்க்க, கடை வாசல் முழுக்கப் பலூனும் பூஜைத் தள்ளுபடியும், உள்ளே சுவர் அகல டிவியில் ஒரு துறைமுகம், அதில் ஒரு கிரேன், எங்கள் கிரேன் மாதிரியேதான், எங்களுடையது நீலம், அது மஞ்சள், கீழே கப்பல், கப்பலுக்குள் அடுக்கடுக்காகக் கண்டெய்னர் பெட்டிகள், என் கால் அப்படியே நின்றுவிட்டது, உலகு அடுப்புகள் இருக்கிற பக்கம் போய்விட்டாள். கழுத்தில் அட்டை தொங்கிய கடைக்காரர் பக்கத்தில் வந்து, "பிடிச்சுப் பாருங்க அண்ணாச்சி, சும்மா ஓட்டிப் பாருங்க" என்று கண்ட்ரோலரை நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஆட்களுக்கு முன்னால் வேண்டாம், வீட்டில் வைத்து, தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது, அப்படித் தோன்றியது எதற்காக என்று யோசிக்க ஆரம்பித்தேன், உடனே நிறுத்திவிட்டேன், இப்போதெல்லாம் யோசனையைப் பாதியில் நிறுத்துவது எனக்கு நன்றாக வருகிறது. "கேமைத் தனித்தனியா வாங்க வேண்டாம், மாசச் சந்தா கட்டுனா மொத்த லைப்ரரியும் ஒங்களுக்குத்தான்" என்றார். மொத்த லைப்ரரியும் என்று அவர் சொன்னபோது எங்கள் ஊர் நூலகத்தில் கிழிந்த அட்டையோடு இரண்டே புத்தகம் கொடுத்து மூன்றாவதைக் கேட்டால் முறைக்கிற அம்மாள்தான் ஞாபகத்துக்கு வந்தாள். சந்தா நின்றால் எல்லாமே போய்விடும், நம்முடையது என்று ஒன்றும் மிஞ்சாது என்பதை அவர் சொல்லவில்லை, கோயம்புத்தூரில் படிக்கிற மகள் சுபிக்ஷாதான் நேற்று போனில் சந்தாவைக் கட்டிக்கொடுத்தபோது சொன்னாள். எனக்கென்ன, எத்தனையோ ஆயிரம் பெட்டிகள் என் கை வழியாகக் கப்பலுக்கும் கரைக்கும் போயிருக்கின்றன, ஒன்றுக்குள்ளும் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, ஒன்றும் என்னுடையதில்லை, முந்திரியோ உப்போ செத்த மீனோ, தூக்கினேன், வைத்தேன். "கை இப்ப பரவாயில்லீங்களாப்பா" என்றாள், ஒரு வருஷத்தில் அந்த ஊர் 'ங்க' இவள் நாக்கில் ஏறிவிட்டது. "பரவாயில்ல" என்றேன். அப்புறம் அந்த லைப்ரரியை மேலிருந்து கீழாகப் புரட்டினேன், பேயைச் சுடுகிறார்கள், பந்து உதைக்கிறார்கள், வாளெடுத்து வெட்டுகிறார்கள், முடிவே இல்லை, ஒன்றில் ஒருத்தன் டிராக்டரில் உட்கார்ந்து வயலை உழுகிறான், உழுதுகொண்டே இருக்கிறான், உலகு எட்டிப் பார்த்து "நெலத்த வித்துட்டு டிவியில உழுதானுவளோ" என்றுவிட்டுப் போனாள். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும்.

கிரேன் ஓட்டுகிறவனுக்கு முதலில் போவது கழுத்து. ஊரில் கேட்டால் எல்லாரும் உயரத்தைப் பற்றித்தான் பேசுவார்கள், அம்மாடி அவ்வளவு உசரத்துலயா, தலை சுத்தாதா என்று, உயரம் ஒரு வாரத்தில் பழகிவிடும், பழகாதது குனிவதுதான், கேபினுக்குத் தரை கண்ணாடி, இரண்டு முழங்காலுக்கும் நடுவே தலையைத் தொங்கப்போட்டுக் கீழேயே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், ஷிப்ட் முழுக்க, வருஷக்கணக்கில், ஒருநாள் கழுத்தெலும்புக்கு நடுவே இருக்கிற தட்டு பிதுங்கி, கட்டைவிரலுக்குப் போகிற நரம்பின்மேல் உட்கார்ந்துகொண்டது. வலி இருந்தபோது நன்றாக இருந்தது என்றுதான் இப்போது சொல்லத் தோன்றுகிறது. வலி போன பிறகு விரலும் போய்விட்டது, இருக்கிறது, ஆடுகிறது, மடக்கினால் மடங்குகிறது, ஆனால் பக்கத்து வீட்டுக்காரருடைய விரலை எனக்கு ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது. மரத்துப்போன கால் என்றால் கொஞ்ச நேரத்தில் எறும்பு ஊரும், நான் எறும்புக்காகக் காத்திருக்கிறேன். கழுத்துப் பட்டை போட்டேன், கழுத்தை இழுத்துக் கட்டித் தொங்கவிட்டார்கள், எண்ணெய், ஒத்தடம், மாத்திரை. டாக்டர் கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பஞ்சால் தொட்டார், ஊசி முனையால் தொட்டார், "இப்ப தெரியுதா" என்றார், "தெரியுது" என்றேன், "இப்ப" என்றார், "தெரியுது" என்றேன். தெரிந்ததா? அவர் ஒவ்வொரு தடவை குனியும்போதும் அவர் சட்டை காலர் சரசரத்தது, அது எனக்குக் கேட்டது, அது கேட்டதும் தெரியுது என்று சொன்னேன், ஆனால் விரலிலும் ஏதோ ஒன்று இருந்தது, இருந்த மாதிரி இருந்தது, இருந்ததா, இதை இத்தனை நாள் கழித்து எப்படிக் கண்டுபிடிப்பது. சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறேன், பார்க்காமல் பிசைந்தால் கட்டைவிரல் சோற்றுக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று தெரிவதில்லை, உலகு அதையும் "இப்பவாவது டிவியப் பாக்காம சாப்பிடுதீயளே, நல்ல பழக்கந்தான்" என்கிறாள். எங்கள் தொழிலில் கையைப் பார்க்கவே கூடாது. கண் கீழே பெட்டியில் இருக்க வேண்டும், கை தன்பாட்டுக்கு அதன் வேலையைச் செய்யும், இடது கை முன்னே பின்னே கொண்டுபோகும், வலது கை தூக்கும் இறக்கும், கையைக் குனிந்து பார்க்கிறவனை ஒரு நாளைக்குமேல் கேபினில் விடமாட்டார்கள். அதிலும் கடைசி ஒரு சாண் இறக்கம் கண்ணுக்குத் தெரியாது, அத்தனை உயரத்திலிருந்து ஒரு சாணும் ஒரு முழமும் ஒன்றுதான், பெட்டி கீழே உட்காரப்போவது கம்பி வழியாக ஏறி வந்து கை பிடித்திருக்கிற குமிழில் ஒரு நடுக்கமாகத் தெரியும், அது கட்டைவிரலுக்குத் தெரியும், எனக்குக்கூடத் தெரியாது.

நேற்று ராத்திரி இந்தத் துறைமுக விளையாட்டு இறங்கி முடியாததால் ஒரு சின்னக் கார் விளையாட்டை எடுத்து ஓட்டிப் பார்த்தேன், சுவரில் முட்டினால் கண்ட்ரோலர் அதிர்கிறது, என்ன ஒரு ஏற்பாடு, டிவிக்குள் முட்டினால் கையில் அதிர்கிறது. இடது கையில் மட்டும் அதிர்ந்தது. மறுபடி முட்டினேன், இடதில் மட்டும். சுண்டுவிரல் பக்கம் வலதிலும் லேசாக இருப்பது போலவும் இருந்தது, இடதுபக்க அதிர்வே அங்கே பரவியிருக்கும். வேண்டுமென்றே சுவர் சுவராகப் போய் முட்டினேன். மகளைப் போனில் கூப்பிட்டுக் கேட்டால் "ரெண்டு பக்கமும் மோட்டார் இருக்கும்பா" என்றாள், அப்படியானால் வலதுபக்க மோட்டார் பழுது, தள்ளுபடி என்று பழுதானதைத் தலையில் கட்டிவிட்டார்கள், எனக்குக் கோபம் வந்தது, கோபம் வந்ததே எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. உலகுவிடம் சொன்னேன். அவள் சேலையை மடித்துக்கொண்டே "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்று சிரித்தாள், வெறும் கேலிக்குத்தான் சொன்னாள், காரை ஓட்டத் தெரியாமல் முட்டிக்கொண்டே இருக்கிறேன் என்று, நானும் சிரித்து வைத்தேன். "இந்தா, நீ பிடிச்சுப் பாரேன்" என்று அவளிடம் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. காலையில் கடைக்குப் போன் போட்டேன், "அண்ணாச்சி, இன்னிக்கும் நாளைக்கும் லீவு, ஆனா ஒண்ணு, இடப்பக்க மோட்டார் பெருசு, வலப்பக்கம் சின்னது, சிலதுல கம்மியாத்தான் அதிரும், பயப்படாதீய" என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது. கம்மியாத்தான் அதிரும். அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே குளித்தேன், சட்டை போட்டேன், வலது கையால் பொத்தான் போடும்போது கண்ணாடியைப் பார்த்துத்தான் போட்டேன், கம்மியாத்தான் அதிரும், சின்ன மோட்டார்.

மிக்கேலுக்கு இதெல்லாம் தெரியாது. மிக்கேல் கப்பலில் பெட்டிகளைக் கட்டுகிறவன், நான் மேலே இருந்து பெட்டியை இறக்கும்போது அவன் கீழே நிற்பான், நாலு மூலையிலும் பூட்டு சரியாக விழுந்ததா என்று பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவான், எனக்கு அவன் மூஞ்சி தெரியாது அந்த உயரத்தில், ஆரஞ்சுச் சட்டையும் மஞ்சள் தொப்பியும் ஒரு விரலும்தான் தெரியும், விரல் உயர்ந்தால் நான் கம்பியைத் தூக்குவேன். பத்து நாள் முன்னால் ஒரு பாக்கெட் மக்ரூனோடு வீட்டுக்கு வந்தான். "என்னவே நயினாரு, எப்ப மேல ஏறப் போறீரு? புதுப் பய ஒருத்தன் வந்திருக்கான், பெட்டிய வைக்கச் சொன்னா போடுதான், டமார்னு, எனக்கு நெஞ்சு பதறுது. நீரு மேல இருந்தா நான் அண்ணாந்து பாக்கவே மாட்டேன், தெரியுமா" என்றான். தெரியும். அவன் அண்ணாந்து பார்க்காமல் வேலை செய்வதை நான் மேலே இருந்து பார்த்திருக்கிறேன், தொப்பிக்கு மேலே பெட்டி வந்துகொண்டிருக்கும், அவன் குனிந்து பூட்டைத் திருகிக்கொண்டிருப்பான், யார் வீட்டு ஆம்பளைக்கு அவ்வளவு நம்பிக்கை இருக்கும், உலகுகூட நான் பைக்கில் திரும்பும்போது தோளைப் பிடித்துக்கொள்வாள். "கை எப்படி?" என்றான். "பரவாயில்ல" என்றேன். அவன் என் கையை வாங்கிக் குலுக்கினான், நன்றாக அழுத்தி, அவன் கை காய்ப்புக் காய்த்தது, எனக்கு உள்ளங்கையில் அது சொரசொரத்தது, கட்டைவிரலில் ஒன்றும் இல்லை, அவன் கட்டைவிரல் என் கட்டைவிரல்மேல் இருந்ததை நான் பார்த்தேன். அவன் போனதும் மக்ரூன் ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். அது நொறுங்கியது. இதுவரை அவன் தலைக்கு மேலே எத்தனை பெட்டி போயிருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்து அதையும் பாதியில் நிறுத்தினேன்.

இந்நேரம் துறைமுகத்தில் பூஜை முடிந்திருக்கும். கிரேன் காலில் வாழைக்கன்று கட்டியிருப்பார்கள், வெள்ளைப் பூசணி உடைத்திருப்பார்கள், அதிகாரிகள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சூடான தரையில் காலை மாற்றி மாற்றி நிற்பார்கள், மிக்கேல் மாதாவைக் கும்பிடுகிறவன், ஆனாலும் பொரிகடலையில் அவனுக்குத்தான் முதல் பங்கு. ஒவ்வொரு வருஷமும் கேபினுக்குச் சந்தனம் வைக்க நான்தான் மேலே போவேன். இரண்டு குமிழிலும் வைப்பேன், வலதில் கொஞ்சம் கூடுதலாக. மறுநாள் துடைத்துவிட்டுத்தான் ஓட்டுவோம், துடைத்தாலும் போகாது, குமிழின் வரிப்பள்ளத்தில் காய்ந்து உட்கார்ந்திருக்கும், நாலைந்து நாளைக்குக் கட்டைவிரலில் மணல் மாதிரி நறநறவென்று இருந்துகொண்டே இருக்கும், கப்பல் மாறும், பெட்டி மாறும், அது மட்டும் விரலுக்கடியில் இருக்கும், எனக்கு அது பிடிக்கும், யாரிடமும் சொன்னதில்லை, சொல்கிற அளவுக்கு அது ஒன்றுமில்லை. இன்றைக்குக் காலையிலும் கூப்பிட்டார்கள். போகவில்லை. "ஏங்க, டிவியவே பாத்துக்கிட்டு இருந்தா மாவில யாரு கட்டுதது? எந்திரிங்க" என்று உலகு வாசலிலிருந்து சத்தம் போட்டாள். கண்ட்ரோலரை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனேன். ஸ்டூலில் ஏறி நின்று நிலைப்படியில் மாவிலை கட்டினேன், நூலை வலது கைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து இடது கையால் முடிச்சுப் போட வேண்டும், நூல் இரண்டு தடவை நழுவியது, மூன்றாவது தடவை விரலைப் பார்த்துக்கொண்டே கட்டினேன், முடிச்சு விழுந்தது. தெருவில் யாரோ ஆட்டோவுக்கு மாலை போட்டு எலுமிச்சம்பழத்தை நசுக்கினார்கள். நான் கட்டி முடிப்பதற்குள் உலகு உள்ளே போய்விட்டாள், பாயசம் ஏலக்காய் மணத்தது. திரும்பி வந்தால் பச்சைக் கோடு போயிருந்தது. கோடு இருந்த இடத்தில் கடல்.

நீலமே இல்லாத ஒரு சாம்பல் கடல், எந்த ஊரோ, அதன்மேல் கிரேன், நான் நாற்காலியிலிருந்து கண்ட்ரோலரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன், கண் திரையில்தான் இருந்தது, இரண்டு கட்டைவிரலும் தானாகப் போய் இரண்டு குமிழிலும் உட்கார்ந்துகொண்டன, பதினெட்டு வருஷப் பழக்கம். இடது விரலில் சில்லென்று ஏதோ ஒட்டியது. சந்தனம். நான் வாசலில் நின்ற நேரத்தில் உலகு இதற்கும் வைத்திருக்கிறாள், வைக்காமல் விடுவாளா, குமிழைப் பார்த்தால் பொட்டு வைக்கத் தோதாகத்தான் இருக்கும். பார்க்காமலே விரலைக் கைலியில் துடைத்துக்கொண்டேன். வலதில் வைக்கவில்லை. ஒன்றில் வைத்து ஒன்றில் விடுகிற ஆளா அவள்? பாயசம் அடிப்பிடிக்கும் என்று ஓடியிருப்பாள், சரி. தூக்கினேன். முதல் பெட்டி ஊஞ்சல் மாதிரி ஆடியது, ஆட்டத்தை அடக்க அது போகிற பக்கமே கிரேனையும் கொஞ்சம் விட வேண்டும், விட்டேன், அடங்கியது, இதை யாராலும் என்னை மறக்கச் செய்ய முடியாது. கப்பலில் இறக்கினேன். உட்கார்ந்தது, இடது உள்ளங்கை அதிர்ந்தது. இரண்டாவது, மூன்றாவது. கீழே ஆரஞ்சுச் சட்டை போட்ட குட்டி மனிதர்கள் நடந்துகொண்டிருந்தார்கள், ஒருத்தரும் அண்ணாந்து பார்க்கவில்லை. கடைசி ஒரு சாணைக் கண்ணால் பார்த்துத்தான் இறக்குகிறேன் என்று எனக்குத் தெரிந்தது, இந்தத் திரையில் எல்லாம் பக்கத்தில் தெரிகிறது, நிழல்கூடத் தெளிவாக விழுகிறது, நிஜத்தில் நிழல் இப்படி விழாது, மத்தியானத்தில் விழவே விழாது, பரவாயில்லை, டெஸ்ட் வைக்கிறதும் திரையில்தானே, திரையில் தேறினால் தேறினதுதான், அப்புறம் மேலே ஏறிவிட்டால் கை தானாக வந்துவிடும், கைக்கு அதன் இடம் தெரியும், மாட்டைத் தொழுவத்தில் கொண்டுபோய்க் கட்டினால் அது படுத்துக்கொள்கிற மாதிரி. நான் தேறிவிட்டேன் என்றே நினைத்தேன். வாய் லேசாக இனித்தது, ரொம்ப நாளைக்கப்புறம் அடுத்த பெட்டியை எடுக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது, எடுத்தேன், தூக்கினேன், கப்பலுக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தினேன்.

"பொட்டக் கலைச்சுட்டியளா? இப்பத்தான வச்சிட்டுப் போனேன்" என்று உலகு பின்னாலிருந்து சொன்னாள். விளக்குத் தட்டோடு வந்திருந்தாள், நேரமாகிவிட்டது போலிருக்கிறது. "ஒரு பொட்டுதான, திரும்ப வச்சுக்க" என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எங்க ஒரு பொட்டு? ரெண்டு குமிழ்லயும்லா வச்சேன். வலப்பக்கந்தான் மொதல்ல வச்சது. நல்லா பெருசா, ஒங்க கை சரியாவணும்னு வேண்டிக்கிட்டு வச்சேன்" என்றாள்.

தொங்குகிற பெட்டியிலிருந்து கண்ணை எடுத்து, எடுக்கவே கூடாது என்று பதினெட்டு வருஷம் பழகிய கண்ணை எடுத்து, வலது கையைப் பார்த்தேன். கட்டைவிரல் முழுக்கச் சந்தனம். நகத்துக்குள்ளே ஏறியிருந்தது, ரேகைக்குள் புகுந்து ஓரத்தில் காய்ந்து வெடித்திருந்தது, நடுவில் குங்குமம் கரைந்து சிவப்பாக இழுவியிருந்தது, குமிழைச் சுற்றிக் கண்ட்ரோலரின்மேலேயும் அப்பியிருந்தது, இவ்வளவு நேரம், இத்தனை பெட்டி, எனக்கு வெகு நன்றாகத் தெரிந்த சந்தனம், காய்ந்தால் எப்படி நறநறக்கும் என்று எனக்கு மட்டும் தெரிந்த சந்தனம். உலகு விரலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், தட்டைக் கீழே வைத்தாள். "தெரியலையாங்க?" என்றாள். "தெரியல" என்றேன். "கொஞ்சங்கூடயா?" "கொஞ்சங்கூட." சொல்லிவிட்டேன். நாலைந்து மாதமாகச் சொல்லாத ஒரு சொல், இவ்வளவு சின்னதாக இருக்கிறது. அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது, விரலில் இல்லை, நெஞ்சுக்குக் கீழே எங்கேயோ, ஏனென்றால் மிக்கேல் குனிந்து பூட்டைத் திருகிக்கொண்டிருக்கிறான், அவன் தொப்பிக்கு மேலே பெட்டி இறங்குகிறது, அது எந்தச் சாணில் இருக்கிறது என்று என் விரலுக்குத் தெரியவில்லை, அவன் அண்ணாந்து பார்க்கவில்லை, பார்க்க மாட்டான், மேலே நான் இருக்கிறேன் என்று. நான் ஏறியிருப்பேன். நாளன்றைக்குத் தேறிவிட்டு அதற்கடுத்த நாள் ஏறியிருப்பேன். பயமாக இருந்தது.

திரையில் பெட்டி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது, காற்றில் லேசாக ஆடியது. பெட்டியைத் தொங்கவிட்டுவிட்டுக் கேபினிலிருந்து இறங்கக் கூடாது, தீப்பிடித்தாலும் வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும், அது விளையாட்டானாலும் என்னால் அப்படியே எழுந்துபோக முடியவில்லை. "உலகு, இங்கன உக்காரு" என்றேன். "விளக்கு ஏத்தணும்ங்க." "ஏத்தலாம். இதுல விரல வையி, இந்த வலப்பக்கத்துல." அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, என் விரலை மெல்ல நகர்த்திவிட்டு, சந்தனத்தின்மேலேயே தன் கட்டைவிரலை வைத்தாள். "கீழ தள்ளு. மெதுவா. இன்னும் மெதுவா. நில்லு. அந்த ஆளு போவட்டும். இப்ப விடு, பூப்போல விடு." அவளுக்கு நாக்கு வெளியே வந்துவிட்டது, கோலம் போடும்போது வருகிற மாதிரி. பெட்டி உட்கார்ந்தது. "அம்மாடி, அதிருதுங்க!" என்று கையை உதறப் போனாள். "எந்தப் பக்கம்?" என்றேன். "நான் பிடிச்சிருக்கிற பக்கந்தான். நல்லாவே அதிருதே" என்றாள், சொல்லிவிட்டுத்தான் நேற்றைய பேச்சு அவளுக்கு ஞாபகம் வந்தது, என்னைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நாளன்னைக்கு நான் டெஸ்டுக்குப் போகல" என்றேன். "டாக்டர்ட்ட போவோம். உள்ளதச் சொல்லுவோம். மிக்கேல்ட்டயும் சொல்லணும்." அவள் "சரிங்க" என்றாள், கண்ட்ரோலரை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு எழுந்தாள். "சாமிகிட்ட வச்சா காலையிலதான் தொடணும், பரவாயில்லையா?" "பரவாயில்ல" என்றேன். அதைக் கொண்டுபோய் இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, முந்தானை நுனியால் கட்டைவிரலைத் துடைக்க ஆரம்பித்தாள். அழுத்தித்தான் துடைத்திருப்பாள், விரல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. அவள் துடைப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.